அந்த ஈரம் உப்புத் தண்ணீர் இல்லை

தினேஷ்,

போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாது. கிழிக்கலாம், ஆனால் அதற்கும் முதலில் கையில் வாங்க வேண்டும். அதனால்தான் எழுதுகிறேன். காசிமேட்டுக்கு நண்டுப் பெட்டி ஏற்றிப் போகிற வண்டியில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நீ கடலுக்குப் போயிருந்தால் கரைக்கு வந்ததும் கையில் கிடைக்கும். உடம்பு எப்படி இருக்கிறது, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்றுதான் முதலில் கேட்க ஆசை. ஆனால் அதைக் கேட்டால் நீ அதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு மற்றதையெல்லாம் நழுவ விட்டுவிடுவாய், உன்னை எனக்குத் தெரியாதா! காரை எந்த விலைக்காவது தள்ளிவிடச் சொல்லிவிட்டுப் போனாய். நான் விற்கவில்லை. ஏன் விற்கவில்லை, உன்னை ஏன் வெள்ளிக்கிழமை ஊருக்கு வரச் சொல்கிறேன் என்பதைச் சொல்லத்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன். இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. உன்னோடு படகில் போகிறவர்கள் படித்தாலும் சரி, நம் ஊரே கூடி உட்கார்ந்து படித்தாலும் சரி.

அன்றைக்குக் கரையில் நடந்தது உனக்கு எப்படி நினைவிருக்கிறதோ தெரியாது. எனக்கு நினைவிருக்கிறபடி சொல்கிறேன். உன் பெண்டாட்டி புவனா வழக்கம்போல நண்டுப் பெட்டிகளைக் காரில் ஏற்றி முடித்துவிட்டு, வண்டியைப் பின்னால் எடுக்க ரிவர்ஸில் போட்டாள். குறுக்கே ஒரு பெண் கூடையோடு வந்தாள். புவனா கிளட்சையும் பிரேக்கையும் மிதித்தபடி, அவள் தாண்டிப் போகட்டும் என்று கழுத்தைத் திருப்பிக் காத்திருந்தாள். கூடைக்காரி தாண்டினாள். இவள் பிரேக்கிலிருந்து காலை எடுத்ததுதான் தாமதம், வண்டி பின்னால் பாய்ந்துவிட்டது. அடுக்கியிருந்த ஐஸ் பெட்டிகள் சரிந்தன. அவற்றுக்குப் பின்னால் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்த பெருமாள் மாமாவின் கால் அடியில் மாட்டி, எலும்பு முறிந்தது. புவனா வண்டியை அணைத்துவிட்டு ஓடி வந்து அவரைத் தூக்கினாள். தூக்கும்போதும், ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும், திரும்பி வந்த பிறகும் ஒரே பேச்சைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். "கிளட்ச மிதிச்சிக்கினுதான் இருந்தேன் அத்த. கால எடுக்கவே இல்ல. வண்டி தானா போச்சு." அதை நானும் கேட்டேன், நீயும் கேட்டாய்.

பிறகு ஊர்க்கூட்டம். நம் ஊரில் கூட்டம் எப்படி என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆண்கள் கோயில் வாசலில் உட்காருவார்கள். பெண்கள் கொடிக்கம்பத்துக்கு அந்தப் பக்கம் நின்று கேட்கலாம், பேசக் கூடாது. ஒரு பெண்ணின் மேல் பேச்சு வந்தால் அவளுக்காக அவள் புருஷன்தான் எழுந்து நின்று பேச வேண்டும். அதாவது அந்தக் கூட்டத்தில் புவனாவுக்கு இருந்த ஒரே வாய் உன் வாய். நீயும் எழுந்து நின்றாய். பெரியவர்கள் கேட்கும் முன்பே பேச ஆரம்பித்தாய். "தப்பு அவ மேலதான். எப்பவும் கிளட்ச் மேல கால வச்சிக்கினே ஓட்டுவா. பிளேட்ட தேச்சி வுட்டுட்டா. எத்தினி வாட்டி சொன்னாலும் கேக்க மாட்டா. இனிமே அவ வண்டிய தொட மாட்டா, அதுக்கு நான் பொறுப்பு" என்றாய். பொம்பளை கையில் வண்டியைக் கொடுத்தால் இப்படித்தான் என்று நாலைந்து பேர் சிரித்தார்கள். அவர்களோடு சேர்ந்து நீயும் லேசாகச் சிரித்தாய். ஊருக்குள் அவள் இனி வண்டி ஓட்டக் கூடாது என்று முடிவாயிற்று. அப்போது அவள் என் பக்கத்தில் நின்றிருந்தாள். அழவில்லை. மறுநாள் காலையில் பையை எடுத்துக்கொண்டு ஆரம்பாக்கத்துக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அடுத்த சில நாட்களில் நீயும் காசிமேட்டுக்குக் கிளம்பிவிட்டாய். வீட்டில் நானும், முற்றத்தில் அந்தக் காரும் மிச்சம்.

அந்தக் காரை வாங்கியபோது நீ எப்படி இருந்தாய் என்று நினைத்துப் பார்க்கிறேன். பழைய வண்டிதான், ஆனால் பின் சீட்டைக் கழற்றி, பலகை அடித்து, நண்டுப் பெட்டி நகராமல் இருக்கக் கட்டை வைத்ததெல்லாம் நீதான். கல்யாணத்துக்கு முன்பே அவளுக்கு ஓட்டத் தெரியும் என்பதில் உனக்குத்தான் எத்தனை பெருமை. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் "எங்க வூட்டு டிரைவர்" என்று சொல்லிச் சொல்லி அவளை வெட்கப்பட வைப்பாய். ஏரிக்கு அந்தப் பக்கம் பசியாவரத்திலிருந்து படகில் வந்து இறங்கும் பெண்கள், தண்ணீரில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிக்கிற பெண்கள், எல்லாரும் அவளை நம்பித்தான் பொன்னேரிச் சந்தைக்குப் போனார்கள். இப்போது பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். கூடையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது என்று பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்கிறார்கள். ஒரு வண்டி நின்றுபோனதில் எத்தனை வீட்டு உலை தள்ளிப்போகிறது என்று உனக்கு அங்கிருந்து தெரியாது. நான் தினமும் பார்க்கிறேன்.

விபத்துக்கு முன்னால் அவள் உன்னிடம் என்னவெல்லாம் சொன்னாள் என்று உட்கார்ந்து யோசித்தேன். நம் வீடு சின்ன வீடு, நீங்கள் பேசுவது எனக்குக் கேட்காமல் இருக்காது. காலையில் முதல் தடவை கியர் விழ மாட்டேன் என்கிறது, ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று சத்தம் வருகிறது என்றாள். கிளட்சை இரண்டு மூன்று தடவை மிதித்து மிதித்து விட்டால் சரியாகிவிடுகிறது என்றாள். நீ, "நீ சரியா மிதிக்கறதில்ல" என்றாய். கொஞ்ச நாள் கழித்து, பெடல் பாதியில் சோம்பிக்கொண்டு நிற்கிறது, தானாக மேலே வருவதில்லை, காலை அடியில் விட்டுத் தூக்க வேண்டியிருக்கிறது என்றாள். நீ, "கால மேலயே வச்சிக்கினு இருந்தா அப்டிதான் ஆவும்" என்றாய். அப்புறம் அந்த மிதியடி. கால் வைக்கிற இடத்தில் கிடக்கும் விரிப்பு எப்போதும் ஈரமாக இருக்கிறது என்று அவள் சொன்னபோது நீயும் சிரித்தாய், நானும் சிரித்தேன். நண்டு ஏற்றுகிற வண்டியில் ஈரம் இல்லாமல் என்ன இருக்கும்? ஆனால் அவள் விரிப்பைத் தூக்கிக் காட்டினாள். "இது நம்ம உப்பு ஏரித் தண்ணி இல்ல அத்த. ஏரித் தண்ணின்னா காஞ்சா வெள்ளையா பூக்கும். பின்னாடி பலகையெல்லாம் பூத்துக் கெடக்குது பாருங்க. இது காயவே மாட்டேங்குது. தொட்டா வழுக்குது. கீழ பெயின்ட்டுகூட உரிஞ்சிக்கினு வருது" என்றாள்.

உப்பு பூக்கிறதா இல்லையா என்று பார்க்க நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. உன் சட்டையில் பூத்த உப்பைத் தட்டித்தான் உன்னை வளர்த்தேன். இருந்தும் அவள் காட்டிய இடத்தை நான் குனிந்துகூடப் பார்க்கவில்லை. நீ அதற்கு முன்பே, கியர் கரகரக்கிறது என்று அவள் சொன்னபோதே, பானெட்டைத் திறந்து பார்த்தாய், அதை மறுக்க மாட்டேன். பிரேக் ஆயில் டப்பாவில் எண்ணெய் குறைந்திருப்பதைக் கண்டுபிடித்ததும் நீதான். பொன்னேரி போகும்போது பிரேக் ஆயில் வாங்கி வரட்டுமா என்று அவள் கேட்டாள். "எல்லாம் எண்ணெதான், எதுக்குத் தனியா?" என்று சொல்லி, உன் நைனாவின் படகுக்கு வைத்திருந்த இன்ஜின் ஆயிலை எடுத்து ஊற்றினாய். பரண் மேலிருந்து அந்த டின்னை எட்டி எடுத்துக் கொடுத்தது நான். படகு வைத்திருக்கிற எந்த வீட்டிலும் இதைத்தான் செய்திருப்பார்கள். கீல் கிறீச்சென்றாலும் அந்த எண்ணெய், சைக்கிள் செயினுக்கும் அந்த எண்ணெய், கதவுத் தாழுக்கும் அந்த எண்ணெய். அதனால் அதைப் பெரிய குற்றம் என்று நான் சொல்லவே இல்லை. அதற்கப்புறம் நடந்ததைத்தான் சொல்கிறேன்.

காரை விற்க வேண்டுமென்றால் சாவி வேண்டுமே. சாவி புவனாவோடு போய்விட்டது. போன வாரம் பஸ் பிடித்து ஆரம்பாக்கம் போனேன். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். மோர் கொடுத்தாள். பெருமாள் மாமா கால் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீ ஆள் மூலம் அனுப்பிய சேலை, கவர் பிரிக்காமல் அலமாரி மேல் இருந்தது. அதை அவளும் பார்த்தாள், நானும் பார்த்தேன். சாவியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். "வித்துக்கோங்க அத்த. ஆனா கிளட்ச் பிளேட்டு போச்சுன்னு சொல்லி விக்காதீங்க. பட்டறைல வுட்டா கியர்பாக்ஸ எறக்கணும்னு சொல்லுவாங்க. எறக்கறதுக்கு முன்னாடி ஒரு வாட்டி ஹேண்ட் பிரேக்க இஸ்து வச்சி, நாலாவது கியர்ல போட்டு, கிளட்ச வுட்டுப் பாக்கச் சொல்லுங்க. அது ஒண்ணு போதும்" என்றாள். ஏன் என்று கேட்டேன். சொன்னாள். எனக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தேன், மறந்துவிடக் கூடாதே என்று.

மீன் வண்டியில் கயிறு கட்டிக் காரைப் பொன்னேரி ரோட்டுப் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போனோம். மெக்கானிக் பாய் யார் ஓட்டினது என்று கேட்டார். மருமகள் என்றேன். "அதாம்மா. லேடீஸ் ஓட்டுனா கிளட்ச்சுலேர்ந்து கால எடுக்க மாட்டாங்க. பிளேட்டு போயிருக்கும். கியர்பாக்ஸ எறக்கிடலாம்" என்றார், வண்டியின் கதவைத் திறக்காமலே! உன் வாயில் வந்த அதே வார்த்தைகள். எனக்கு எங்கிருந்து அத்தனை கோபம் வந்ததென்று தெரியவில்லை. "எறக்கறதுக்கு முன்னாடி நாலாவது கியர்ல போட்டுப் பாருங்க பாய்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஆனாலும் உட்கார்ந்தார். ஹேண்ட் பிரேக்கை இழுத்தார், நாலாவது கியரில் போட்டார், கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்துக் கிளட்சை விட்டார். வண்டி ஒரு குலுக்கு குலுக்கிவிட்டு அப்போதே நின்றுபோயிற்று. மறுபடியும் செய்தார், மறுபடியும் நின்றது. வெளியே வந்து தலையைச் சொறிந்துகொண்டு, "பிளேட்டு நல்லாத்தாம்மா கீது" என்றார்.

இதை நீ நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும் தினேஷ், அதனால் எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். கிளட்சில் இரண்டு விதமாகக் கெடுதல் வரும். ஒன்று, பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்காமல் வழுக்குவது. மற்றது, விட வேண்டிய நேரத்தில் விடாமல் பிடித்துக்கொண்டே இருப்பது. காலைப் பெடல் மேலேயே வைத்துக்கொண்டு ஓட்டினால் பிளேட் தேயும். தேய்ந்தால் வழுக்கும். இன்ஜின் மட்டும் கத்தும், வண்டி வேகம் எடுக்காது, பொன்னேரி ரோட்டுப் பாலம் ஏறும்போது கருகிய வாடை வரும். அப்படித் தேய்ந்த வண்டியை நாலாவது கியரில் போட்டுக் கிளட்சை விட்டால் இன்ஜின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், நிற்காது. நம் வண்டி பாலத்தில் ஒரு நாளாவது திணறியதுண்டா? கருகிய வாடை வந்ததுண்டா? நானே எத்தனையோ முறை அதில் உட்கார்ந்து போயிருக்கிறேன், நண்டு வாடையைத் தவிர வேறு வாடை வந்ததில்லை. நம் வண்டிக்கு வந்த நோய் இரண்டாவது. மிதித்தாலும் விடவில்லை. நீ கூட்டத்தில் சொன்னது முதல் நோய். வண்டிக்கு இல்லாத நோயைச் சொல்லி அவளைக் குற்றவாளி ஆக்கினாய்.

மிதித்தும் விடவில்லை என்றால் ஏன் என்று பாய் பிறகு ஒழுங்காகத் தேடினார். இன்ஜினை ஓடவிட்டு, கிளட்சைத் தரை வரை மிதித்து ரிவர்ஸ் போட்டார், கரகரத்தது. வேகமாக நாலைந்து தடவை மிதித்துவிட்டுப் போட்டார், வழுக்கிக்கொண்டு விழுந்தது. புவனா சொன்ன அதே கதை. மிதிக்க மிதிக்கச் சரியாகிறதென்றால் பிளேட்டைப் பார்க்க வேண்டாம், எண்ணெய் போகிற வழியைத்தான் பார்க்க வேண்டுமாம். நாம் பெடலை மிதிக்கும்போது மேலே இருக்கிற சிலிண்டர் எண்ணெயைத் தள்ளுகிறது. அந்த எண்ணெய் குழாய் வழியாகப் போய்க் கியர்பாக்ஸ் பக்கத்தில் இருக்கிற கீழ் சிலிண்டரைத் தள்ளுகிறது. நடுவில் எங்காவது ஒழுகினாலோ, காற்று புகுந்தாலோ, உள்ளே இருக்கிற ரப்பர் கெட்டாலோ, கால் தரையைத் தொட்டாலும் தள்ளுதல் அந்தக் கோடிக்குப் போய்ச் சேராது. கியரில் போட்டு மிதித்துக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் வண்டி சும்மா நின்றது. பிறகு, காலை அவர் அசைக்கவே இல்லை, மெல்ல நகர ஆரம்பித்தது. பெருமாள் மாமா உட்கார்ந்திருந்த இடம் கண் முன்னால் வந்தது.

கீழ் சிலிண்டரில் ஒழுகினால் வண்டிக்கு அடியில், கியர்பாக்ஸ் மேல் ஈரம் இருக்கும். மேல் சிலிண்டரில் ஒழுகினால் உள்ளே, ஓட்டுகிறவர் கால் வைக்கிற இடத்தில் இருக்கும். பாய் மிதியடியைத் தூக்கினார். பெயின்ட் உரிந்து தகரம் தெரிந்தது. பெடலின் மேல்பக்கம் கையை விட்டு எடுத்துக் காட்டினார், விரல் பளபளவென்று ஈரமாக இருந்தது. பின்னால் இருந்த பலகைகளில் உப்பு வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. இங்கே ஒரு பொட்டு வெள்ளை கிடையாது. அன்றைக்குக் குனியாத நான் இந்தத் தடவை குனிந்து பார்த்தேன்.

அதற்குப் பிறகுதான் பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்தார். மூடிக்கு அடியில் இருந்த ரப்பர் ஊறிப்போய், சுருண்டு, திரும்ப வைத்தால் உட்காராத அளவுக்குப் பெருத்திருந்தது. "இதுல இன்னாமா ஊத்தனீங்க?" என்றார். சொன்னேன். ஊசியால் கொஞ்சம் உறிஞ்சி, காலி சோடா பாட்டிலில் விட்டு, குலுக்கி வைத்தார். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தோம். மேலே நம் படகு எண்ணெய் தனியாக, கீழே பிரேக் ஆயில் தனியாகப் பிரிந்து நின்றது. படகு எண்ணெய் இரும்புக்கு நல்லது, ஆனால் இந்த ரப்பரை ஊற வைத்துவிடும் என்றார். ஊறிப் பெருத்ததால்தான் பெடல் மேலே வராமல் சிக்கியது. முதலில் ஒழுகியது பழைய வண்டியின் வயசுக் கோளாறு. அதை விபத்து வரைக்கும் கொண்டுபோனது நாம் ஊற்றிய எண்ணெய். இன்னொன்றும் சொன்னார். அந்த வண்டியில் கிளட்சுக்கும் பிரேக்குக்கும் அந்த ஒரே டப்பாதான். இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தால் பிரேக்கும் போயிருக்கும். பாலத்து இறக்கத்தில், உள்ளே பசியாவரத்துப் பெண்களோடு, அவள் பிரேக்கை மிதித்து அது பிடிக்காமல் போயிருந்தால்? அப்போதும் நீ எழுந்து நின்று அவளுக்கு ஓட்டத் தெரியவில்லை என்றுதான் சொல்லியிருப்பாயா?

எண்ணெய் பட்ட ரப்பர் எல்லாவற்றையும், பிரேக்கில் இருந்ததையும் சேர்த்து, மாற்றச் சொன்னேன். குழாய்களைக் கழுவிப் புது பிரேக் ஆயில் ஊற்றிய பிறகு, உள்ளே இருக்கிற காற்றை வெளியே எடுக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். பட்டறையில் வேறு ஆள் இல்லை. "நீங்க உக்காந்து மிதிங்கம்மா" என்றார் பாய். இத்தனை வயதுக்கு நான் ஓட்டுகிறவர் சீட்டில் உட்கார்ந்ததே இல்லை. அவர் அடியில் படுத்துக்கொண்டு, "அமுக்குங்க... அப்டியே புடிச்சிக்கோங்க, எடுத்துடாதீங்க... இப்போ வுடுங்க" என்று கத்துவார், நான் செய்வேன். முதலில் பெடலில் ஒன்றுமே இல்லை, சேற்றில் கால் வைத்த மாதிரி போய்க்கொண்டே இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டிப்பட்டது. கடைசியில் காலை எதிர்த்துத் தள்ளியது. வித்தியாசம் எனக்கே தெரிந்தது தினேஷ், கார் ஓட்டத் தெரியாத எனக்கு. தினமும் அதை மிதித்தவளுக்குத் தெரியாமல் இருக்குமா? அவள் உள்ளங்காலுக்குத் தெரிந்ததைத்தான் வாய்விட்டுச் சொன்னாள். அந்தப் பெடலில் கால் வைக்காத நாம் எல்லோரும் சேர்ந்து, அது அப்படி இல்லை என்று அவளுக்குச் சொன்னோம்.

கன்னியப்பனை உனக்கு நினைவிருக்கிறதா? உன் நைனாவோடு படகில் போய்க்கொண்டிருந்தவர். ஒரு தடவை முகத்துவாரத்தில் இன்ஜின் நின்று, அலை படகைப் புரட்டப் பார்த்தது. கரைக்கு வந்ததும் உன் நைனா எல்லார் முன்னாலும், பெட்ரோலில் தண்ணீர் கலந்து மிச்சத்தை விற்றுவிட்டான் என்று அந்த மனுஷனைத் திருடன் ஆக்கிவிட்டார். பிறகு பார்த்தால் டேங்க் மூடியில் வாஷர் இல்லை, தெறித்த தண்ணீர்தான் உள்ளே போயிருக்கிறது. உன் நைனா அன்றைக்குக் கிடைத்த பெரிய கொடுவாவை எடுத்துக்கொண்டு போய் அவர் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தார். அந்த மீனைக் குழம்பு வைக்காமல் கொடுத்துவிட்டோம் என்று நீ அழுது ரகளை பண்ணினாய். வாசலில் வைத்தாரே தவிர வாயைத் திறக்கவில்லை. கன்னியப்பன் அப்புறம் நம் படகில் ஏறவே இல்லை. அதே கூட்டத்தில் இரண்டு பேரும் கடைசி வரை முகம் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் முன்னாலும் ஒருவரைக் கெடுத்துவிட்டுத் தனியாகப் போய் மீன் கொடுத்தால் என்ன அர்த்தம்? நீ அனுப்பிய சேலையைப் பார்த்தபோது எனக்கு அந்தக் கொடுவாதான் ஞாபகம் வந்தது. நீ உன் நைனா பிள்ளைதான், சந்தேகமே இல்லை.

பெருமாள் மாமாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மாவுக்கட்டோடு காலை நீட்டிக்கொண்டு அதே வலையைத்தான் பின்னிக்கொண்டிருந்தார். அவர் சண்டை பிடிப்பார் என்று பயந்தேன். ஊசியைக் கீழே வைத்தார். "அந்தப் பொண்ணு அன்னிக்கே சொல்லிச்சிமா, கால எடுக்கலன்னு. என்னைத் தூக்கும்போது காதாண்டயே சொல்லிச்சி. நான் வலில கத்திக்கினு கெடந்தேன். ஆனா தினேசு கத்திக்கினு இல்லியே. அவனுக்கு இன்னா?" என்றார். அதற்கு நீதான் பதில் சொல்ல வேண்டும்.

எண்ணெய் ரப்பரைக் கெடுக்கும் என்று அன்றைக்கு உனக்குத் தெரியாது. அதை நான் நம்புகிறேன், யார் கேட்டாலும் சொல்வேன். ஆனால் அவள் உன்னிடம் சொன்னதெல்லாம் உனக்குத் தெரியும். கியர் விழவில்லை என்றது தெரியும், பெடல் எழவில்லை என்றது தெரியும், ஈரம் காயவில்லை என்றது தெரியும். அதில் ஒன்றைக்கூட நீ கூட்டத்தில் சொல்லவில்லை. ஏன் என்று பல நாள் யோசித்தேன். ஊர் உன் மேல் கோபப்படுவதற்குள் அதை அவள் பக்கம் திருப்பிவிட்டாய், அவ்வளவுதான். பயந்துவிட்டாய். பயந்ததற்காக உன்னை வெறுக்க என்னால் முடியாது, நான் பெற்ற பிள்ளை. ஆனால் அந்தப் பயத்தின் மேலேயே படுத்துத் தூங்கு என்று விடவும் என்னால் முடியாது.

வெள்ளிக்கிழமை காலையில் கூட்டம் இருக்கிறது. பெரியவர்களிடம் சொல்லிவிட்டேன், இந்தப் பேச்சு மறுபடி வரும் என்று. நீ வா. அன்றைக்கு எந்த இடத்தில் நின்றாயோ அதே இடத்தில் நில். அன்றைக்கு எவ்வளவு சத்தமாகப் பேசினாயோ அவ்வளவு சத்தமாகப் பேசு. வண்டி கெட்டிருந்தது, அவள் சொன்னாள், நான் கேட்கவில்லை, தப்பான எண்ணெயை ஊற்றினேன், தப்பு அவள் மேல் இல்லை. இவ்வளவு போதும். விளக்கம் கேட்டால் அந்த சோடா பாட்டில் என்னிடம் பத்திரமாக இருக்கிறது, கொண்டுவருகிறேன். நீ வராவிட்டால் நான் கொடிக்கம்பத்தைத் தாண்டி வந்து நின்று பேசுவேன். பெண் பேசக் கூடாது என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும், என்ன செய்ய வேண்டுமோ செய்யட்டும். ஆனால் நான் பேசினால் ஊருக்கு உண்மை தெரியுமே தவிர, அவளுக்குப் புருஷன் கிடைக்க மாட்டான். அதனால்தான் இவ்வளவு கெஞ்சுகிறேன்.

நேற்று புவனா பட்டறைக்கு வந்தாள். வண்டியை எடுத்து ரோட்டில் ஒரு சுற்று ஓட்டினாள். இறங்கி வந்து, "நல்லாகீது அத்த" என்றாள், முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வண்டியை ஆரம்பாக்கத்துக்கு அவளிடமே கொடுத்தனுப்பினேன். வெள்ளிக்கிழமை அவள்தான் ஓட்டிக்கொண்டு வருகிறாள். ஊர் எல்லையில் நிறுத்திவிட்டு, வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருப்பாளாம். உள்ளே ஓட்டி வரலாம் என்று கூட்டம் சொன்னால் வருவாள், இல்லையென்றால் அப்படியே திருப்பிக்கொண்டு போய்விடுவாள். கிளம்பும்போது கண்ணாடியை இறக்கி என்னிடம் ஒன்று கேட்டாள். "பொன்னேரி பஸ் ஸ்டாண்டாண்ட அவரு நின்னுக்கினு இருந்தா ஏத்திக்கவா அத்த, நேரா வந்துடவா?"

நிற்கிறானா பார் என்று மட்டும் சொன்னேன்.

அம்மா